தடித்த, சாய்ந்த ஸ்லாப் செரிஃப்: நிமிர்ந்ததைச் சாய்த்தால் ஏன் கெட்டுப்போகிறது?

வளைகோடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒன்றரை ஆண்டாக ஒரு தலைப்பு எழுத்துருவை வரைந்து வருகிறேன். தடித்த ஸ்லாப் செரிஃப் (கோடுகளின் முனையில் பலகைபோல் தட்டையாக நீட்டும் கட்டைதான் செரிஃப்), லத்தீன் எழுத்துகள் மட்டும். நிமிர்ந்த வடிவம் முடிந்துவிட்டது. அதில் எனக்கு முழுத் திருப்தி. தண்டு, அதாவது எழுத்தின் செங்குத்துக் கோடு, 180 யூனிட் அகலம், செரிஃப் 120 யூனிட் உயரம் (யூனிட் என்பது எழுத்துரு மென்பொருளின் அளவை). தண்டும் செரிஃபும் சேரும் மூலையில் வளைவு கிடையாது, சுத்தமான செங்கோணம்.

இதற்கு இப்போது சாய்வு வேண்டும். சொல்லப்போனால் மனத்தில் முதலில் தோன்றியதே சாய்ந்த வடிவம்தான். ஓட்டப்பந்தயச் சுவரொட்டியில் ஒரே ஒரு சொல், தாள் முழுவதையும் அடைத்துக்கொண்டு, எல்லைக்கோட்டை நோக்கி மார்பை நீட்டிப் பாய்கிறவரைப் போல. அந்தப் படம் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

மென்பொருளில் எல்லா எழுத்துகளையும் தேர்ந்தெடுத்து 12 டிகிரி சாய்த்தேன். பெரிய 'எச்', 'ஐ', 'ஈ' மூன்றும் ஓரளவு தேறுகின்றன. 'ஓ' கையில் பிடித்துப் பிசைந்ததுபோல் ஆகிவிட்டது. 'எஸ்' எழுத்தின் முதுகு வீங்கிவிட்டது. சின்ன 'என்' முன்னால் போகப் பார்க்கிறது, ஆனால் இரண்டு கால்களையும் யாரோ தரையோடு ஆணியடித்து வைத்ததுபோல் தெரிகிறது. சொல்லாகச் சேர்த்துப் பார்த்தால் தண்டுகள் இளைத்தும் அடிப்பகுதி அடைத்துக்கொண்டும் இருக்கிறது.

எங்கே தவறுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சாய்த்துத் திருத்தினால் போதுமா, அல்லது புதிதாகவே வரைய வேண்டுமா?

மைத்துளி

புதிதாகவே வரைய வேண்டும். வருத்தமாக இருக்கும், தெரியும். ஏன் என்பதை 'ஓ' எழுத்தை வைத்தே காட்டுகிறேன்.

சாய்ப்பு என்றால் கணினி என்ன செய்கிறது? ஒவ்வொரு புள்ளியையும் அதன் உயரத்துக்கு ஏற்ப வலப்பக்கம் தள்ளுகிறது. அடிமட்டக் கோட்டில் உள்ள புள்ளி நகராது; 700 யூனிட் உயரத்தில் உள்ள புள்ளி 12 டிகிரிக்கு ஏறத்தாழ 149 யூனிட் நகரும். உயரங்கள் மாறா, கிடைமட்ட அகலங்களும் மாறா. ஆனால் வளைவின் கனத்தைக் கண் கிடைமட்டமாக அளப்பதில்லை, கோட்டுக்குக் குறுக்கே அளக்கிறது. அதனால் 'ஓ' எழுத்தின் வலது மேல்பகுதியும் இடது கீழ்ப்பகுதியும் தடிக்கும். இடது மேலும் வலது கீழும் மெலியும். நீங்கள் 'பிசைந்தது' என்று சொன்னது இதைத்தான். இன்னொன்று, மேலேயும் கீழேயும் உள்ள உச்சப் புள்ளிகள் உச்சத்திலேயே இருக்கும். இடமும் வலமும் இருந்த புள்ளிகள் இனி வளைவின் விளிம்பில் இல்லை, எங்கோ நடுவழியில் நிற்கின்றன. அவற்றை நீக்கிவிட்டுச் சரியான விளிம்பில் புதுப் புள்ளி வைக்காமல் எந்தத் திருத்தமும் நிற்காது.

'எஸ்' கதையும் இதேதான். அதன் முதுகு இடது மேலிருந்து வலது கீழே இறங்குகிறது. சாய்த்ததும் அது செங்குத்தாக நிமிர்கிறது, நிமிர்ந்ததும் தடிக்கிறது. பெரிய 'ஏ' எழுத்தின் வலது கால் தடித்து, இடது கால் மெலிந்திருக்கும். 'இசட்' எழுத்தின் குறுக்குக் கோடு இளைத்துப்போயிருக்கும். பார்த்துச் சொல்லுங்கள், நான் உங்கள் கோப்பைப் பார்க்காமலே சொல்கிறேன்.

ஸ்லாப் செரிஃபுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு; மெல்லிய செரிஃப் உள்ள எழுத்துருக்களில் இது அவ்வளவாக வெளியே தெரியாது. உங்கள் தண்டு 180 யூனிட். 12 டிகிரி சாய்ந்தபின் கோட்டுக்குக் குறுக்கே அளந்தால் அது 176. செரிஃபின் உயரமோ 120 ஆகவே இருக்கிறது. நான்கு யூனிட்தானே என்று தோன்றும். ஆனால் தடித்த ஸ்லாப் என்பதே தண்டுக்கும் பலகைக்கும் இடையில் உள்ள அந்த விகிதத்தில்தான் உயிர் வாழ்கிறது. தண்டு இளைத்து, பலகை அப்படியே இருந்தால் எழுத்தின் பாரம் முழுவதும் காலில் இறங்கிவிடும். 'அடிப்பகுதி அடைத்துக்கொண்டது' என்று நீங்கள் எழுதியது சரியான கவனிப்பு. 20 டிகிரிக்குப் போனால் தண்டு 169 ஆகிவிடும். அப்போது யார் கண்ணுக்கும் தப்பாது.

வளைவுகளுக்கு ஒரு தொடக்கம் வேண்டுமானால், முழுக் கோணத்தையும் சாய்ப்பாகக் கொடுக்காமல், பாதியைச் சுழற்சியாகவும் பாதியைச் சாய்ப்பாகவும் கொடுத்துப் பாருங்கள். 'ஓ' முக்கால் பங்கு சரியாகும். மீதிக் கால் பங்கு கைவேலை.

வளைகோடு

'ஏ', 'இசட்' இரண்டும் நீங்கள் சொன்னபடியேதான் இருக்கின்றன. இவ்வளவு நாளும் 'ஏ' எழுத்தை நிமிர்ந்த வடிவத்திலேயே தவறாக வரைந்துவிட்டேனோ என்று தேடிக்கொண்டிருந்தேன்.

ஈயஎழுத்து

இளைஞர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். இந்த வகை எழுத்துக்குச் சாய்வு ஏன் இவ்வளவு அரிதாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வரைவதற்கு அது உதவும்.

ஸ்லாப் செரிஃப் புத்தகத்துக்காகப் பிறந்ததல்ல. லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் 1815ஐ ஒட்டி வெளியிட்ட மாதிரி ஏட்டில் 'ஆன்டிக்' என்ற பெயரில் அது முதலில் வந்தது, பெரிய எழுத்துகள் மட்டும். சில ஆண்டுகளில் 'எகிப்தியன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நெப்போலியனின் படையெடுப்புக்குப் பிறகு ஐரோப்பாவில் எகிப்து மோகம் இருந்தது. அந்த மோகத்தில் வந்த பெயரே தவிர, வடிவத்துக்கும் எகிப்துக்கும் உறவில்லை. மெம்ஃபிஸ், கர்னாக், கெய்ரோ என்று பிற்பாடு வந்த எழுத்துருக்களும் அந்தப் பெயர் மரபையே பிடித்துக்கொண்டன.

சுவரில் ஒட்டும் விளம்பரத்துக்கு, தூரத்தில் நடந்துபோகிறவரை நிறுத்துவதற்கு உண்டான எழுத்து அது. 1827இல் அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளை வெட்டியெடுக்க இயந்திரம் கொண்டுவந்த பிறகு, ஈயத்தில் வார்க்க முடியாத பெரிய அளவுகளிலும் ஸ்லாப் எழுத்துகள் குவிந்தன. தட்டையான கால், தடித்த தண்டு, கூரான நுனி எதுவும் இல்லை. மரத்தில் வெட்டுவதற்கும் எளிது, அச்சு அழுத்தத்தில் உடையாது.

1845இல் ஃபான் தெரு எழுத்து வார்ப்பகத்தில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட கிளாரண்டன்தான் இந்த வகையைப் புத்தகப் பக்கத்துக்குள் கொண்டுவந்தது. அகராதியில் தலைச்சொல்லைத் தனித்துக் காட்டுவதற்கு அது பயன்பட்டது. சாதாரண எழுத்துக்கு நடுவில் அழுத்தம் கொடுப்பதற்கே அது பிறந்ததால், அதற்கென்று ஒரு சாய்வு வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பது என் எண்ணம். அழுத்தத்துக்கு அழுத்தம் எதற்கு? (வடிவமைப்புப் பாதுகாப்புச் சட்டத்தில் அதைப் பதிவு செய்தார்கள். மூன்றே ஆண்டுப் பாதுகாப்பு. அது முடிந்ததும் எல்லா வார்ப்பகங்களும் நகலெடுத்துவிட்டன.)

பிறகு 1929இல் மெம்ஃபிஸ், 1931இல் ஸ்டைமி, 1934இல் ராக்வெல். காம்பஸ் வைத்து வரைந்ததுபோன்ற வடிவங்கள். இவற்றுக்குச் சாய்வு இருந்தது. பெரும்பாலும் நிமிர்ந்ததைச் சாய்த்துத் திருத்தியதே. 1950களில் ஆல்டோ நொவரேசே இத்தாலியில் எகிட்சியோ வரைந்தபோது கிளாரண்டன் உடம்புக்கு நல்ல சாய்வும் கொடுத்தார். அதைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். 1990இல் பீட்டர் மத்தியாஸ் நோர்ட்சையின் சிசிலியா வந்தது. ஸ்லாப் காலோடு உண்மையான கையெழுத்து ஓட்டமுள்ள சாய்வு அதில் இருக்கிறது. ஆனால் அது படிப்பதற்கான எழுத்துரு, உங்களுடையதைப்போல் முழங்குவதற்கானதல்ல.

ஈயக் காலத்தில் சாய்வுக்கு இன்னொரு தடையும் இருந்தது. எழுத்து சாய்ந்திருந்தாலும் அதைத் தாங்கும் ஈயக் கட்டை நேர்க்கட்டைதான். 'எஃப்' எழுத்தின் தலை அடுத்த கட்டையின் தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், அதற்குக் கீழே தாங்கல் கிடையாது. நான் கம்பாசிட்டராக (அச்சுக் கோப்பவராக) இருந்தபோது சாய்வு எழுத்துகள் வைக்கும் கேஸில் 'எஃப்' அறைதான் முதலில் காலியாகும். கோத்த பக்கத்தைச் சட்டத்தில் பூட்டிய ஃபோர்மாவை இறுக்கும்போது ஒரு சிறு முறிவுச் சத்தம் கேட்கும். எந்த எழுத்து என்று பார்க்காமலே கை 'எஃப்' அறைக்குப் போய்விடும். தடித்த சாய்வில் இது இன்னும் மோசம், நீட்டி நிற்கும் பகுதியின் எடை அதிகம். இன்று உங்களுக்கு அந்தக் கட்டை இல்லை. ஆகவே நிமிர்ந்த எழுத்தின் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று நினைத்து 'எஃப்' தலையைச் சுருக்கிவிடாதீர்கள்.

நிழற்கோடு

நான் பெயர்ப்பலகை எழுதும் தொழிலில் இருக்கிறேன். மைத்துளி சொன்ன கணக்கு சரி, ஆனால் 'புதிதாகவே வரைய வேண்டும்' என்பதை ஏற்க முடியவில்லை. அவருக்கு வேண்டியது சுவரொட்டியில் ஒரு சொல். பெரிய எழுத்துகள் மட்டுமே போதும். பெரிய எழுத்துகளில் கையெழுத்துச் சாய்வு என்று தனியாக ஒன்று இல்லை. சாய்ந்த நிமிர்வு மட்டும்தான். வளைவுகளைச் சரிசெய்து, தண்டை நான்கைந்து யூனிட் ஏற்றி, செரிஃபை ஒரு பிடி குறைத்தால் வேலை முடிந்தது. ராக்வெல் சாய்வு அப்படித்தானே பிழைத்தது?

அதோடு, ஸ்லாப் எழுத்தின் அழகே அந்த ஒரே மாதிரியான முரட்டுத்தனம்தான். கையெழுத்துபோல் வளைத்து நெளித்தால் அந்தக் குணம் போய்விடும். பந்தயச் சுவரொட்டியில் கல்யாண அழைப்பிதழின் சாயல் வரக்கூடாது.

மைத்துளி

நிழற்கோடு, பெரிய எழுத்துகளைப் பொறுத்தவரை உங்கள் பக்கமே நானும். அவற்றின் கால்களை இரண்டு பக்கமும் விட்டுவிடலாம், விடத்தான் வேண்டும். ஆனால் அவர் சின்ன 'என்' பற்றியும் கேட்டிருக்கிறார். அங்கே உங்கள் வழி எடுபடாது என்று நினைக்கிறேன். வளைத்து நெளிக்கச் சொல்லவில்லை. கால்களை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

சின்ன 'என்' எழுத்தை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நிமிர்ந்த ஸ்லாபில் அதற்கு மூன்று பலகைகள்: இடது தண்டின் தலையில் இடப்பக்கம் நீட்டியது ஒன்று, இரண்டு தண்டுகளின் அடியிலும் இரு பக்கமும் நீட்டிய இரண்டு. இந்த இரண்டு அடிப்பலகைகளும் உள்ளே ஒன்றையொன்று நோக்கி வருகின்றன. நிமிர்ந்த வடிவத்தில் அந்தச் சிறு இடைவெளி ஒரு வாசல்போல் அழகாக இருக்கும். சாய்ந்ததும் அதே வாசல் ஒருபக்கம் சரிந்த கதவாகிவிடுகிறது. கண் வலப்பக்கம் ஓட நினைக்கிறது. இடது காலின் வலப்பக்கப் பலகை அதை மறிக்கிறது. ஆணியடித்ததுபோல் இருக்கிறது என்று வளைகோடு எழுதியது இதனால்தான்.

ஆகவே நான் செய்வது இப்படி. தலையில் உள்ள இடப்பக்கப் பலகையை வைத்துக்கொள்வேன். பேனா அங்கேதான் எழுத்துக்குள் நுழைகிறது. இடது தண்டின் அடியில் பலகையே வேண்டாம். தண்டு அடிமட்டக் கோட்டில் தட்டையாக வெட்டி நிற்கட்டும். வலது தண்டின் அடியில் வலப்பக்கம் மட்டும் ஒரு பலகை, முழுக் கனத்தோடு. அது வால்போல் மெலிந்து சுருளக்கூடாது, தட்டையாகவே நீட்ட வேண்டும். நுழைவு ஒன்று, வெளியேற்றம் ஒன்று, நடுவில் தடையில்லை. முரட்டுத்தனம் அப்படியே இருக்கிறது, ஆனால் எழுத்து நடக்கத் தொடங்குகிறது. 'எம்', 'எச்', 'யு', 'ஐ' எல்லாமே இந்த ஒரு முடிவிலிருந்து கிளைக்கும்.

பலகையின் நுனியை எப்படி வெட்டுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். மென்பொருள் சாய்த்தால் நுனியும் தண்டோடு சேர்ந்து சாய்ந்திருக்கும். அப்படி விட்டால் இடப்பக்க நுனி கீழே கூராகும், வலப்பக்க நுனி கூர்மையாக மேலே குத்தும். 12 டிகிரியில் அது ஓட்டத்துக்குத் துணை செய்கிறது என்பது என் கருத்து. சிலர் நுனியைச் செங்குத்தாக வெட்டுவார்கள். எழுத்து அமைதியாக இருக்கும், கொஞ்சம் பழைய சாயலும் வரும். இரண்டும் சரியே, ஆனால் ஒரே எழுத்துருவில் இரண்டையும் கலக்காதீர்கள்.

வளைகோடு

மூன்று நாள் கழித்து வருகிறேன். 'என்', 'எம்', 'யு' மூன்றையும் மைத்துளி சொன்னபடி வரைந்தேன். இடது காலை வெட்டிய அந்தக் கணத்தில் எழுத்து நகர்ந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சின்ன 'ஏ' எழுத்தை இரண்டு மாடி வடிவத்திலிருந்து (கீழே கிண்ணம், மேலே ஒரு வளைவு) ஒற்றைக் கிண்ண வடிவத்துக்கு மாற்றினேன். தடித்த எழுத்தில் இரண்டு மாடிக்கு உள்ளே இடமே இல்லை, இப்போது கிண்ணம் மூச்சுவிடுகிறது. கோணத்தையும் 10 டிகிரிக்குக் குறைத்துவிட்டேன். 12இல் தனி எழுத்து துடிப்பாக இருந்தது, ஆனால் நீண்ட சொல் மொத்தமாகக் கவிழ்ந்தது.

சின்ன 'ஆர்' மட்டும் பிடிபடவில்லை. தலையில் இடப்பக்கப் பலகை, அடியில் கால் கிடையாது, வலப்பக்கம் ஒரு கொக்கி. இதை மட்டும் அடியில் வெறுமையாக விட்டால் தடுக்கி விழுவதுபோல் இருக்கிறது.

மைத்துளி

'ஆர்' எழுத்துக்கு மட்டும் இரண்டு பக்கக் காலையும் திருப்பிக் கொடுங்கள். விதியை மீறுகிறோமே என்று தயங்க வேண்டாம். 'என்' எழுத்துக்கு இரண்டு தண்டுகள், ஒன்று தாங்காவிட்டால் இன்னொன்று தாங்கும். 'ஆர்' ஒற்றைக் காலில் நிற்கிறது, அதன் பாரம் முழுவதும் வலப்பக்கம் தலையில். கீழே பலகை இல்லாமல் அதை நிறுத்த முடியாது. இடப்பக்கத்தைச் சிறிதும் வலப்பக்கத்தை நீளமாகவும் வைத்துப் பாருங்கள். 'எஃப்', 'பி' (p) இவற்றுக்கும் இதே நியாயம்தான்.

தலைப்புவரி

பத்திரிகைப் பக்க அமைப்பில் இருக்கிறேன். எழுத்துரு எழுத்தில் நன்றாக இருந்து, இடைவெளியில் தோற்றுப்போன கதைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இதை இப்போதே கவனியுங்கள்.

தலைப்பில் எழுத்துகளை நெருக்கி வைப்பது எல்லோர் வழக்கமும். செரிஃப் இல்லாத எழுத்தை நெருக்கலாம். ஸ்லாபை நெருக்கினால் பலகையும் பலகையும் முட்டும். முட்டுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் இருக்கும் இடைவெளிதான் மிகவும் கேவலமாகத் தெரியும், மை அங்கே நிரம்பிக் கறையாகும். ஒன்று, தெளிவாகத் தள்ளி வையுங்கள். அல்லது, இரண்டு பலகைகளையும் ஒன்றாக ஒட்டிவிடுங்கள். பெரிய எழுத்துகளில் 'எச்', 'ஐ', 'என்' பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பலகைகளை இணைத்த மாற்று வடிவம் கொடுத்தால் அது ஒரு தண்டவாளம்போல் ஓடும், சாய்வில் இது மிகவும் நன்றாக இருக்கும்.

நீங்கள் 'என்' எழுத்தின் இடது காலை வெட்டியதால் ஒரு நல்லது நடந்திருக்கிறது. முன் எழுத்தின் வலது கீழ்ப்பலகை இப்போது அந்தக் காலியிடத்தில் வந்து அமரும். அதாவது அந்தப் பலகை நீளம் எவ்வளவு என்பதை இடைவெளியை வைத்தே முடிவு செய்யுங்கள், எழுத்தைத் தனியாகப் பார்த்து அல்ல.

அடைப்புக்குறியையும் மேற்கோள் குறியையும் மறக்காதீர்கள். சாய்ந்த 'எஃப்' எழுத்துக்குப் பின் நிமிர்ந்த அடைப்புக்குறி வந்தால் தலை போய் அதில் இடிக்கும். நான் பார்த்த எத்தனையோ எழுத்துருக்களில் கெர்னிங் அட்டவணையில் (எந்த இணைக்கு எவ்வளவு இடைவெளி என்று சொல்வது) எழுத்துகளுக்கு ஆயிரக்கணக்கில் இணைகள் இருக்கும், எழுத்துக்கும் அடைப்புக்குறிக்கும் ஒன்றுகூட இருக்காது.

இணையநூல்

இணையத்தில் பயன்படுத்துவோருக்கு ஒரு சொல். நிறையப் பேர் சாய்வே இல்லாத ஸ்லாபை எடுத்துச் சாய்வு கேட்கிறார்கள். ரோபாட்டோ ஸ்லாபுக்குச் சாய்வு இல்லை. ஆல்ஃபா ஸ்லாப் ஒன் ஒரே கனம், ஒரே நிலை. கேட்டால் உலாவி மறுக்காது; தானே நிமிர்ந்த எழுத்தைத் தள்ளிச் சாய்த்துக் காட்டிவிடும். மைத்துளி எழுதிய அத்தனை கோளாறும் அப்படியே திரையில் வரும். தலைப்புக் குறிக்குள் போட்டால் போல்டும் சேர்ந்துகொள்ளும், ஏற்கெனவே தடித்ததை இன்னும் ஒரு சுற்றுத் தடிக்க வைத்து எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தை, உள்வெளியை, மூடிவிடும்.

பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் ஸ்டைல்ஷீட்டில் 'ஃபாண்ட்-சிந்தசிஸ்' (font-synthesis) என்ற பண்புக்கு 'நன்' (none) என்ற மதிப்பைக் கொடுங்கள். அதன்பின் இல்லாததை உலாவி இட்டுக்கட்டாது. வளைகோடு, மாறும் எழுத்துருவாக (ஒரே கோப்பில் பல வடிவங்கள் அடங்கியது) வெளியிடும் எண்ணம் இருந்தால் நிமிர்ந்ததையும் சாய்ந்ததையும் ஒரே கோப்பில் வழுக்கிச் செல்லும்படி இணைக்க முயலாதீர்கள். ஒன்றில் கால் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை. நடுவில் பாதிக்கால் முளைத்த எழுத்துகள் வரும். இரண்டு கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

வளைகோடு

நன்றி. ஒரு கேள்வி மிச்சம். இதே சுவரொட்டியில் தமிழ்த் தலைப்பும் வரும். தமிழையும் 10 டிகிரி சாய்த்து, முனைகளில் கட்டை வைத்து இணையாக்கலாமா?

மைத்துளி

வேண்டாம். 'ஓ' எழுத்தில் ஒரு வளையம்தான் கெட்டது. இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண' இரண்டையும் சாய்த்துப் பாருங்கள்: ஒரே எழுத்துக்குள் அதே நோய் சுழிக்குச் சுழி திரும்ப வரும். தடித்த எழுத்தில் அந்தச் சுழிகளின் உள்வெளி ஏற்கெனவே ஊசிக்கண் அளவுதான். சாய்த்ததும் ஒருபக்கம் அடைந்துவிடும், எது எத்தனை சுழி என்பதே தெரியாமல் போகும்.

முனையில் கட்டை வைப்பதும் தமிழுக்குப் பொருந்தாது. 'ப', 'ட' எழுத்துகளுக்குத் தரையில் தட்டையான கோடு இயல்பிலேயே இருக்கிறது. ஸ்லாபின் குணம் அங்கே தானாக வந்துவிடுகிறது. 'ப' எழுத்தின் இரண்டு மேல்முனைகளிலும் கட்டை வைத்தால் திறந்த வாய் மூடத் தொடங்கும். அடிக்கோட்டுக் கனத்தை லத்தீன் பலகையின் 120 யூனிட்டோடு ஒப்பிட்டு அமையுங்கள், முனைகளைச் செங்கோணமாக வெட்டுங்கள், எழுத்தை நிமிர்த்தியே வையுங்கள். இரண்டும் ஒரே கையில் பிறந்ததுபோல் தெரிவதற்கு அது போதும்.

ஈயஎழுத்து

இதில் எனக்குச் சிறு மாற்றுக் கருத்து. சாய்ந்த தமிழே கூடாது என்று சொல்லிவிட முடியாது. தூரிகையால் எழுதும்போது நல்ல கைகள் தமிழைச் சாய்த்து எழுதித்தான் வருகின்றன, சுழிகளும் கெடுவதில்லை. ஏனென்றால் அவை சாய்த்தே பிறந்தவை, நிமிர்ந்து பிறந்து தள்ளப்பட்டவை அல்ல. ஆனால் அது தனி எழுத்துரு, தனி உழைப்பு. இந்தச் சுவரொட்டிக்கு மைத்துளி சொன்னதையே செய்யுங்கள்.

நிழற்கோடு

சின்ன 'என்' விஷயத்தில் மைத்துளி சொன்னது சரி. சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் இரண்டு விதமாகவும் எழுதி, பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். இடது கால் இல்லாததுதான் ஓடுகிறது. பெரிய எழுத்தில் மட்டும் என் கட்சியில் நிற்கிறேன்.

எங்கே பயன்படும் என்பதற்கு என் அனுபவம். ஒன்று முதல் நான்கு சொற்கள் வரை இந்த வகை எழுத்து ராஜா. அணியின் பெயர், சட்டை முதுகில் எண், வாகனத்தின் பக்கவாட்டில் நிறுவனப் பெயர், பத்திரிகைத் தலைப்பு. ஐந்தாவது சொல்லில் இருந்து கத்துவதுபோல் ஆகிவிடும். துணியில் தைக்கும் வேலைக்கு இது மெல்லிய செரிஃபைவிட எத்தனையோ மேல். பலகைக்கு அகலம் இருப்பதால் நூல் நிற்கும். ஆனால் பலகையின் கூர்நுனியில் தையல் குவிந்து முடிச்சாகும், அதற்கு நுனியை லேசாக மழுக்கிய ஒரு மாற்று வடிவம் கொடுங்கள். கறுப்பில் வெள்ளையாக எழுதினால் எழுத்து ஊதித் தெரியும், அப்போது உள்வெளிகளைத் திறக்க வேண்டும்.

நிழல் போடுகிறவர்களுக்காக ஒன்று. இந்த எழுத்துக்குக் கட்டாயம் யாராவது கனநிழல் போடுவார்கள். பலகை எழுதுகிறவர்கள் வழக்கமாக இடது கீழே, 45 டிகிரியில் போடுவோம். நிமிர்ந்த எழுத்தில் தண்டுக்கும் பலகைக்கும் நிழலின் அகலம் ஒன்றாக வரும். சாய்ந்த எழுத்தில் அதே 45 வைத்தால் தண்டின் நிழல் ஒல்லியாகவும் பலகையின் நிழல் தடியாகவும் வந்து, எழுத்து உட்கார்ந்துவிடும். நான் இதை நெடுங்காலம் கண்ணளவில் திருத்திவந்தேன், பிறகுதான் கணக்கு பிடிபட்டது. நிழலின் திசை தண்டுக்கும் தரைக்கும் சரிபாதியில் விழ வேண்டும். 10 டிகிரி சாய்ந்த தண்டு தரையோடு 80 டிகிரி. இடது கீழே நிழல் என்றால் தரையிலிருந்து 40. வலது கீழே போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 50. இரண்டு இடத்திலும் நிழல் அகலம் சமமாகிவிடும்.

வளைகோடு

40 டிகிரியில் போட்டுப் பார்த்தேன் ஐயா. எழுத்து எழுந்து நின்றது. இதை எழுத்துருவின் பயன்பாட்டுக் குறிப்பில் அப்படியே சேர்த்துக்கொள்ளலாமா?

இன்று முழு எழுத்துத் தொகுதியையும் தாளில் அச்செடுத்து, அறையின் எதிர்ச்சுவரில் ஒட்டிப் பார்த்தேன். 'ஆர்' நிற்கிறது. 'எஃப்' தலையை நீட்டிவிட்டேன், ஈயஎழுத்து ஐயாவுக்கு நன்றி. இலக்கங்களில் 8 மட்டும் கெடுத்துவிட்டது. மேல் கண் தூரத்தில் கறுப்புப் புள்ளியாக அடைந்துவிடுகிறது, சட்டை எண்ணாக வைத்தால் 8க்கும் 6க்கும் குழப்பம் வரும்.

நிழற்கோடு

தாராளமாகச் சேருங்கள்.

மைத்துளி

8க்கு மேல் கிண்ணத்தைப் பெரிதாக்க வேண்டாம், தலை கனத்துவிடும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடுப்பில் பாருங்கள்: இடது மேலிருந்து வலது கீழே இறங்கும் கோடு இன்னும் சாய்ப்பின் வீக்கத்தோடு இருக்கும். அதை 12 யூனிட் குறைத்து, வெட்டும் மூலைகளில் உள்பக்கமாகச் சிறு கீறல் கொடுங்கள், மை நிரம்புவதற்கு இடம் கிடைக்கும். மேல் கண் தானாகத் திறக்கும். 6க்கு மேல்வாலின் நுனியைச் சுருட்டாமல் தட்டையாக வெட்டி, வாயை அகலமாகத் திறந்துவிடுங்கள். பிறகு 8, 6, 3 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி அதே சுவரில் ஒட்டிப் பாருங்கள்.